‘ஆமா மிஸ்ஸி’: குறைமாதக் குழந்தைக்குப் பாலூட்டப் பழகிய ஒரு தாயின் 36 நாட்கள்

இலங்கை மலையகத்தில் ஓர் அரச வைத்தியசாலையில், குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிரிவில் தாதியாக இருக்கிறேன். பி.பி.யு. என்றுதான் தமிழரும் சிங்களவரும் எல்லோரும் சொல்வோம். நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அதனால் தோட்டத்துத் தாய்மாரை எனக்கு நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் எப்போதும் இருந்தது. அந்த எண்ணத்தை ஒரு தாய் திருத்திவிட்டார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். “எழுதுங்க மிஸ்ஸி, பேரு மட்டும் போடாதீங்க” என்றார். பெயரோ தோட்டமோ அவரை அடையாளம் காட்டக்கூடிய வேறு விவரமோ இதில் இல்லை.

தாயும் குழந்தையும்

வயது 22. முதல் பிள்ளை. கணவருக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். லயத்தில் மாமியார்தான் துணை. கிளினிக்குக்கு ஒழுங்காக வந்திருக்கிறார், திரிபோஷா சத்துமா சாப்பிட்டிருக்கிறார், இரும்புச் சத்துக் குளிசையும் எடுத்திருக்கிறார். அப்படியிருந்தும் ஹீமோகுளோபின் 9.4தான். 31ஆம் கிழமையில் தலையிடி, கண் மங்கல், கால் வீக்கம். தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு உடனே வண்டி பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது பிரஷர் 170/112. வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் ஏற்றினார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியும் போட்டார்கள். அடுத்த நாள் சிசேரியன். 31 கிழமையும் 4 நாளும் ஆன பெண் குழந்தை, நிறை 1340 கிராம்.

குழந்தைக்கு மூச்சு விடுவது சிரமமாக இருந்தது. இரண்டு நாள் மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுத்தோம், பிறகு கொஞ்சம் ஒட்சிசன், அப்புறம் அதுவும் தேவைப்படவில்லை. இந்தக் கிழமையில் பிறந்த ஒரு குழந்தைக்கு இது நல்ல ஆரம்பம் என்றுதான் சொல்வேன். குழந்தையின் பக்கத்தில் பெரிய ஆபத்து எதுவும் பிறகு வரவில்லை. கவலையெல்லாம் தாயின் பக்கத்தில்தான் இருந்தது.

முதல் ஐந்து நாட்கள்

தாய் மகப்பேற்று விடுதியில், எங்களுக்கு ஒரு மாடி கீழே. மக்னீசியம் ஏறிக்கொண்டிருக்கும்போது எழுந்து வர முடியாது. குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய்க்கு, முடிந்தால் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள், பிந்தினாலும் ஆறு மணித்தியாலத்துக்குள் கையால் பால் எடுக்கத் தொடங்க வேண்டும். படுத்த படுக்கையிலேயே அதைச் செய்யலாம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கீழே இருந்தவர்கள் பிரஷரைப் பார்த்தார்கள், மேலே இருந்த நாங்கள் மூச்சைப் பார்த்தோம், மார்பை யாரும் பார்க்கவில்லை. முதல் தடவை பால் எடுத்தபோது குழந்தை பிறந்து 30 மணித்தியாலம் கடந்திருந்தது.

அதற்குள் குழந்தைக்கு வயிறு பழகுவதற்காக, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 2 மில்லி என்று குழாய் வழியாகப் பால்மா தொடங்கியாயிற்று. சக்கர நாற்காலியில் மேலே வந்த தாய் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தன் பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கும்போது, மேலே தொங்கிய சிரிஞ்சில் இருந்தது வேறு பால். அவர் எதுவும் கேட்கவில்லை. கிழமைகள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்: “அப்பவே நெனச்சேன் மிஸ்ஸி, நம்ம பாலு தேவயில்ல போலன்னு.”

அவருக்குக் கிடைத்த முதல் பால் ஒரு துளி. அடுத்த தடவை நாலைந்து துளி. தாய்மார் உட்கார்ந்து பால் எடுக்கும் சின்ன அறை ஒன்று எங்களிடம் உண்டு. சுவரோரம் பெஞ்சு, நடுவில் மேசை, மேசையில் தட்டு. கட்டில் இலக்கம் ஒட்டிய கப் ஒவ்வொன்றாக அந்தத் தட்டில் வரிசையாக இருக்கும். யாருடையதில் எவ்வளவு என்று அறைக்குள் வரும் எல்லோருக்கும் தெரியும். ஒரு கப்பில் 60 மில்லி, இன்னொன்றில் 45, அவருடையதில் அடியில் ஒரு மஞ்சள் கறை. பால் நிறையச் சுரப்பவர்களுக்கும் அந்தத் தட்டு பிடிக்காது, கண் பட்டுவிடும் என்ற பயம். குறைவாகச் சுரப்பவர்களுக்கு அது தினமும் எட்டுத் தடவை நடக்கும் பரீட்சை. வருடக்கணக்காக அந்தத் தட்டை நான் கழுவி வைத்திருக்கிறேன், இந்தக் கோணத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

“எனக்குப் பாலே இல்ல மிஸ்ஸி” என்று இரண்டாம் நாளே சொல்லிவிட்டார். நான் எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன்: “வரும் தங்கச்சி, பயப்படாதீங்க, எல்லாருக்கும் வரும்.” தலையாட்டினார்.

மூன்றாம் நாள் அவரிடம் ஒரு கேள்விக்கொத்தைப் போட்டேன். பாலூட்டுவதில் தாய்க்குத் தன்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளப்பதற்குக் கனடாவைச் சேர்ந்த தாதியியல் ஆய்வாளர் சிண்டி-லீ டெனிஸ் உருவாக்கியது அது. 1999இல் வந்த முதல் வடிவத்தில் 33 கூற்றுகள், 2003இல் அதைச் சுருக்கி 14 ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 14க்கும் 70க்கும் நடுவில் வரும். குறைமாதக் குழந்தைகளின் தாய்மாருக்கென்று 18 கூற்றுகளோடு பின்னால் ஒரு வடிவமும் வந்தது. நான் வைத்திருந்தது 14 கூற்று வடிவம். அதை நம் பேச்சுத் தமிழில் வாயால் கேட்டேன். ஆராய்ச்சிக்காகக் கேட்கவில்லை, யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று பார்ப்பதற்காகத்தான்.

64 வந்தது. இவ்வளவு நல்ல புள்ளியா என்று எனக்குச் சந்தோஷம். இவரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று குறிப்பும் எழுதி வைத்தேன். இரவு வீட்டில் படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. ‘குழந்தை போதுமான அளவு குடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும்’ என்பது அதில் ஒரு கூற்று. அதற்கும் “ஆமா மிஸ்ஸி, நல்லா தெரியும்” என்றிருந்தார். அந்தக் குழந்தை அதுவரை அவர் மார்பைத் தொட்டதே இல்லை.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி கேட்டாலும், டிஸ்பென்சரியில் டொக்டர் கேட்டாலும், கச்சேரியில் கிளார்க் கேட்டாலும் “ஆமாங்க” என்று சொல்லி வளர்ந்த சனம் நாங்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தி கடதாசியை வைத்துக்கொண்டு ‘உங்களால் முடியுமா’ என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? என் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

‘கிரி மதி’, பிரஷர் குளிசை

ஐந்தாம் நாள் பிரஷர் திடீரென்று 164/102. குளிசையைக் கூட்டலாமா என்று வைத்தியர் யோசித்துக்கொண்டிருந்தார். நான் தலையணையைச் சரி செய்தபோது அதன் உறைக்குள் நாலு குளிசை. ஏனென்று கேட்டதும் அழத் தொடங்கிவிட்டார். “அது பாலுல எறங்கிப் பாப்பாவுக்குப் போயிரும்ல மிஸ்ஸி. இருக்கிறதே ரெண்டு சொட்டு, அதயும் விசமாக்கவா?”

அது நிஃபெடிபின். பாலூட்டும் தாய்மார் எடுக்கலாம், பாலுக்குள் போவது மிக மிகக் கொஞ்சம். இதைச் சொல்லப் பத்து வினாடி போதும். தமிழில் யாரும் சொல்லியிருக்கவில்லை. இதை எழுதும்போது கோபம் வருகிறது, ஆனால் எந்தத் தனி ஆள் மீதும் இல்லை. அந்த விடுதியில் அன்று வேலையிலிருந்த ஐந்து பேரில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவர்கள் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள், கையைத் தடவிக் கொடுத்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த ‘அழ வேணாம்’ என்ற இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அன்றைக்கு உட்கார்ந்து நிதானமாகப் பேசியபோது இன்னொன்றும் வெளியே வந்தது. வேலை மாறும் நேரத்தில் தாதிமார் ஒருவருக்கொருவர் ‘கிரி மதி’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறார். பால் போதாது என்று அர்த்தம். அந்த நேரத்து அளவுக்கு இன்னும் 1 மில்லி பால்மா சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அதன் பொருள். ஆனால் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அவ்வளவு சிங்களம் தெரியும். தன்னைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொண்டார்.

பார்க்க வரும் நேரத்தில் மாமியாரும் தன் பங்குக்குச் சொல்லியிருந்தார்: ரத்தமே இல்லாத உடம்பில் பால் எங்கிருந்து வரும் என்று. ‘ஏழாம் மாசப் புள்ள தங்கும், எட்டாம் மாசப் புள்ள தங்காது’ என்று லயத்தில் யாரோ சொன்னதையும் வந்து சொல்லியிருந்தார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அவருக்கும் பயம். பத்தியம் என்று தண்ணீரையும் குறைத்துவிட்டிருந்தார். கணவர் இரவு ஒன்பது மணிக்குப் போனில் கூப்பிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, “இன்னிக்கு எத்தன மில்லி?”

மனிதருக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். தானே செய்து பார்த்து வெற்றி கண்டது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் கண்ணால் கண்டது, நம்பும் ஒருவர் சொன்ன சொல், உடம்பும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை என்று நாலு வழி சொன்னார். டெனிஸின் அளவுகோலும் அதிலிருந்து கிளைத்ததுதான். ஐந்தாம் நாள் இந்தத் தாயை இந்த நாலிலும் வைத்துப் பார்த்தேன். தன் கையால் எடுத்தது மேசைத் தட்டில் எல்லோரும் பார்க்க ஒரு கறை. கண்ணால் கண்டது அடுத்தவர் கப். காதில் விழுந்தது ‘கிரி மதி’. உடம்பில் வெட்டுக் காயம், பிரஷர், தாகம். இத்தனைக்கும் எதிராக நான் வைத்தது ‘வரும் தங்கச்சி’ என்ற இரண்டு சொல்.

இரவு இரண்டு மணி

அன்றிரவு எனக்கு இரவு வேலை. பால் சுரக்கச் செய்யும் புரோலக்டின் இரவில்தான் அதிகம் என்பதால் இரவு ஒரு தடவையாவது பால் எடுக்கச் சொல்வோம். இரண்டு மணிக்கு ஸ்வெட்டரும் தலையில் துணியுமாக அவர் வந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. வெளியே நல்ல பனி, ஜன்னல் கண்ணாடி முழுதும் நீர் கோத்திருந்தது.

முதல் தடவையாக அவர் எப்படி எடுக்கிறார் என்று பேசாமல் பார்த்தேன். அதுவரை நான் விளக்கம் சொல்லியிருக்கிறேன், அவரும் ‘ஆமா’ சொல்லியிருக்கிறார், அவர் கையைப் பார்த்ததில்லை. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் காம்பின் நுனியைப் பிடித்து முன்னுக்கு இழுத்தன. ஒரு சுண்டு, ஒரு இழுப்பு. எனக்குச் சட்டென்று விளங்கியது. அது கொழுந்து கிள்ளும் கை. பதினெட்டு வயதிலிருந்து நாள் முழுக்க இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையில் போட்ட கை வேறெப்படிப் பிடிக்கும்? காம்பு சிவந்து, ஓரத்தில் வெடித்துமிருந்தது. வலித்திருக்கும், சொல்லவில்லை.

“தங்கச்சி, கொழுந்து மாதிரிக் கிள்ளாதீங்க. இங்க வைங்க விரல” என்று காம்பிலிருந்து இரண்டு விரல் அளவு தள்ளி, கருவளையத்தின் ஓரத்தில் அவர் விரலை வைத்தேன். “இப்ப நெஞ்சுப் பக்கமா உள்ளுக்கு அழுத்துங்க. ஆங்... அப்படியே ரெண்டு விரலயும் சேத்து அமுக்குங்க. இழுக்க வேணாம். இப்ப விடுங்க. மறுபடி.” நாலைந்து தடவைக்கு ஒன்றும் வரவில்லை. சுடுதண்ணீரில் நனைத்த துணியை வைத்துவிட்டு, முதுகைத் தோளிலிருந்து கீழ்நோக்கி உருவிவிட்டேன். ஏழாவது எட்டாவது அழுத்தத்தில் பாகு போலக் கெட்டியாக, மஞ்சளாக ஒரு துளி வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று.

அதைக் கப்பில் விட நான் சம்மதிக்கவில்லை. 2 மில்லி சிரிஞ்சின் வாயைத் துளிக்குப் பக்கத்தில் வைத்து உறிஞ்சினேன். இரண்டு பக்கமும் முடித்தபோது சிரிஞ்சில் 1.6 வரை ஏறியிருந்தது. முக்கால்வாசிக்கு மேல் நிறைந்த சிரிஞ்ச். அதே 1.6 மில்லியைக் கப்பில் ஊற்றினால் அடியில் ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். ஐந்து நாளாக அப்படித்தான் மறைந்துகொண்டிருந்தது.

“பாப்பாவுக்கு மொத நாள் டொக்டர் எழுதினது எவ்வளவு தெரியுமா? ரெண்டு மில்லி. இது அதுல முக்கால் பங்குக்கு மேல” என்றேன். சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். “இது என் பாலா?” என்று கேட்டார். அதை நாங்கள் இருவருமாகக் கொண்டுபோய் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் துளித் துளியாகத் தடவினோம். மீதியைக் குழாயில் விட்டோம். நாக்கை வெளியே நீட்டிச் சப்புக்கொட்டியது குழந்தை. அன்றிரவு அவர் மூன்றரை மணிக்கும் வந்தார், நான் கூப்பிடவில்லை.

அடுத்த நாளே சிஸ்டரிடம் பேசினேன். கப்புகளுக்கு உள்ளே தெரியாத மூடி போட்டோம். முதல் கிழமையில் எல்லாத் தாய்மாருக்கும் சிறிய சிரிஞ்ச் கொடுத்தோம். வேலை மாறும்போது ‘கிரி மதி’ என்று சொல்லாமல் ‘இன்னும் இவ்வளவு மில்லி சேர்க்க வேண்டும்’ என்று சொல்வது என்று முடிவெடுத்தோம். சிங்களத் தாதிமார் இதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். “அந்த அம்மாவுக்கு அது விளங்கும் என்று எங்களுக்குத் தெரியாதே” என்று ஒருவர் மிகவும் வருத்தப்பட்டார்.

பக்கத்துக் கட்டில் அக்கா

எங்கள் விளக்கங்களைவிட அதிகமாக வேலை செய்தவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு தாய். மஸ்கெலியாப் பக்கம், அவரும் கொழுந்து எடுப்பவர். 1150 கிராமில் பிறந்த அவருடைய பையன் மூன்று கிழமை தாண்டி அப்போதுதான் மார்பில் குடிக்கத் தொடங்கியிருந்தான். “எனக்கு மொதக் கெழம கண்ணுல இருந்துதான் வந்துச்சு, இங்கேருந்து வரல” என்று மார்பைத் தொட்டுக் காட்டிச் சொன்னதைக் கேட்டு இவர் சிரித்தார். அதற்குமுன் நான் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. இருவரும் ஒன்றாகப் பால் எடுக்க வருவார்கள், ஒன்றாகக் கீழே போய்ச் சாப்பிடுவார்கள். தண்ணீர் குடிக்கலாம் என்று நான் சொன்னபோது கேட்காதவர், அந்த அக்கா சொன்னதும் போத்தலோடு வந்து உட்கார்ந்தார். எனக்கும் தமிழ்தான், எனக்கும் லயம்தான், ஆனால் என் பிள்ளைகள் நிறைமாதம். அந்த அக்காவின் பிள்ளையை அவர் கண்ணால் பார்த்தார்.

எடுத்த பாலின் அளவு இப்படி ஏறியது: ஏழாம் நாள் முழுதுக்கும் 110 மில்லி, ஒன்பதாம் நாள் 230, பதினான்காம் நாள் 390. குழந்தைக்கு அப்போது ஒரு நாளைக்குத் தேவைப்பட்டது ஏறக்குறைய 210 மில்லி. ஒன்பதாம் நாளோடு பால்மா நின்றது. குறைமாதக் குழந்தைக்கு இது வெறும் சாப்பாட்டு விஷயமாக இருப்பதில்லை. குடல் அழுகும் அந்தப் பயங்கர நோய் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது. குறைமாதத் தாயின் பாலில் முதல் கிழமைகளில் புரதமும் கூடுதலாக இருக்கும்.

ஆறாம் நாளிலிருந்து கங்காரு முறை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்கியுபேட்டர் போதாமல் தொடங்கிய வழக்கம் இது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையில், பிறந்தவுடனேயே தொடங்கி ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை செய்யச் சொல்கிறது. எங்களிடம் கதிரைகள் குறைவு, முதலில் இரண்டு மணித்தியாலம்தான் முடிந்தது. குளிர் பிடித்துவிடும் என்று மாமியார் பயந்தார். தாயின் நெஞ்சோடு தோல் படும்படி குழந்தையை வைத்து, தலைக்குத் தொப்பி, காலுக்கு மேசு, மேலே துணி சுற்றிக் கட்டிய பிறகு சூடு பார்த்து அவருக்குக் காட்டினேன்: 36.8. இன்கியுபேட்டருக்குள் இருந்தபோதும் அதேதான். கங்காரு முறை தொடங்கி மூன்றாம் நாள், குழந்தை நெஞ்சில் இருக்கும்போது தாயின் சட்டையில் மறுபக்கம் நனைந்திருந்தது. தொடாமலே பால் இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்து முதலில் வெட்கப்பட்டார், பிறகு அந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நான் செய்த பிழை

பதினான்காம் நாள், 33 கிழமை 4 நாளில், குழந்தை மார்பைத் தேடத் தொடங்கியிருந்தது. முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்து, நக்கிப் பார்க்கும். காம்பை வாயில் வாங்கி இரண்டு மூன்று தடவை உறிஞ்சியது. தாயின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். எவ்வளவு குடித்தது என்று பார்க்கலாமே என்று, குடிக்குமுன் நிறுத்த நிறையையும் குடித்தபின் நிறுத்த நிறையையும் அவருக்கு முன்னாலேயே ஒப்பிட்டுச் சொன்னேன். இருபது நிமிடத்துக்குப் பிறகு வித்தியாசம் 4 கிராம்.

எனக்கு அது நல்ல செய்தி. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடும் மூன்றையும் ஒரு ஒழுங்கில் செய்வது 32 முதல் 34 கிழமைக்குள்தான் கைகூடத் தொடங்கும். அந்த வயதில் 4 மில்லியைப் பாதுகாப்பாக விழுங்கியதே பெரிது. ஆனால் இந்த விளக்கம் என் தலைக்குள் இருந்தது. அவர் காதுக்குப் போனது ‘நாலு’ மட்டும்தான். அன்று மாலை அவர் எடுத்த பால் 55 மில்லியிலிருந்து 20க்கு இறங்கியது. இரண்டு நாள் மார்பில் வைக்க மாட்டேன் என்றார். “கொழாயிலயே குடுங்க மிஸ்ஸி, எங்கிட்ட வச்சா புள்ள பட்டினி.”

குழந்தையின் நிறை அறிய வேண்டிய தேவை எங்களுக்கு உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் தடவை வாய் வைக்கும் நேரம் தராசை எடுப்பதற்கான நேரம் கிடையாது. அடுத்த ஒரு கிழமை தராசைத் தினம் ஒரு தடவை, காலையில் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். கறந்து வெறுமையாக்கிய மார்பில் குழந்தையைச் சும்மா சப்ப விட்டோம், குடிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லாமல். குழாயில் பால் இறங்கும் அதே நேரத்தில் அது மார்பிலும் இருக்கும். கணவரிடம் போனில் பேசி, மில்லிக் கணக்கு கேட்க வேண்டாம், பாப்பா இன்றைக்கு என்ன செய்தது என்று கேளுங்கள் என்றேன். புரிந்துகொண்டார்.

விழுங்கும் சத்தம்

இருபத்தோராம் நாள். 34 கிழமையும் 4 நாளும். மாமியாரை உள்ளே விட அன்று சிஸ்டர் அனுமதி கொடுத்திருந்தார். கை கழுவி, கவுன் போட்டுக்கொண்டு அவர் ஓரமாக நின்றார். குழந்தை மார்பில் ஏழெட்டு உறிஞ்சு உறிஞ்சும், நிறுத்தும், மூச்சு வாங்கும், மறுபடி. நான் தாயின் காதருகே குனிந்து, “சத்தம் கேக்குதா?” என்றேன். பிரிவில் இயந்திரங்களின் பீப் சத்தம் ஓயாது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ‘க்க்... க்க்...’ என்று மிக மெல்லிய ஒரு சத்தம், தாடை ஒரு கணம் கீழே நின்று மேலே வரும்போது. “முழுங்குது” என்றார், என்னைப் பார்க்காமலேயே. மாமியார் கிட்ட வந்து குனிந்தார். “முழுங்குதுங்க அத்த, கேளுங்க” என்று அவருக்கும் சொல்லிக் கொடுத்தார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எட்டாம் மாசப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

இதற்குப் பிறகு நான் எழுத அதிகமில்லை. முப்பதாம் நாளளவில் பகலில் பெரும்பாலும் மார்பு, இரவில் சில தடவை கோப்பை. போத்தலும் சூப்பியும் எங்கள் பிரிவில் கொடுப்பதில்லை. நிறை ஐந்தாம் நாள் 1220 வரை இறங்கி, பதின்மூன்றாம் நாள் பிறந்த நிறையைத் தொட்டு, பிறகு தினம் சராசரி 27, 28 கிராம் ஏறியது. முப்பத்தாறாம் நாள் 1980 கிராமோடு வீட்டுக்குப் போனார்கள்.

போகும் நாளன்று அதே 14 கூற்றுகளையும் மறுபடி கேட்டேன். இந்தத் தடவை கேட்ட விதம் வேறு. ‘உங்களால் முடியுமா’ என்று கேட்காமல், ‘எப்படிச் செய்வீங்க, காட்டுங்க’ என்றேன். பிடிக்க வைப்பது எப்படி, பால் போகிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள், தூங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாக. செய்து காட்டிய பிறகு அவரையே புள்ளி போடச் சொன்னேன். 51. இரவில் மட்டும் பால் போதுமா என்பதற்கு 2 போட்டார். “ராத்திரியில பாப்பா சீக்கிரம் அசந்து போயிருது மிஸ்ஸி, அது எனக்கு இன்னும் சரியாப் புடிபடல” என்று காரணமும் சொன்னார். மூன்றாம் நாளின் 64ஐவிட இந்த 51ஐ நான் பெரிதாக மதிக்கிறேன். எண் இறங்கியது. அதற்குள் முதன்முறையாக ஒரு மனுசி இருந்தார்.

அந்த 2 எங்களுக்கு உதவியது. இரவில் இரண்டு தடவை கறந்த பாலைக் கோப்பையில் கொடுக்கும்படி முதல் கிழமைக்குத் திட்டம் எழுதினோம். அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குப் போன் பண்ணி இதைக் குறிப்பாகச் சொன்னேன். அவர் மூன்றாம் நாளே லயத்துக்கு நடந்து போய்ப் பார்த்திருக்கிறார்.

வீட்டில்

பதினோராவது கிழமை கிளினிக்குக்கு வந்தார்கள். குழந்தை 3 கிலோ 210 கிராம். தாய்ப்பால் மட்டும். கோப்பையை விட்டு இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது. தாயின் பிரஷர் 124/80, குளிசை நிறுத்தியாயிற்று.

அவரது கவலை இப்போது வேலை. 84 நாள் பிரசவ விடுமுறையில் 36 நாள் வைத்தியசாலையிலேயே போய்விட்டது. இன்னொரு கிழமையில் பெரட்டுக்குப் போக வேண்டும், குழந்தைக்கோ இப்போதுதான் ஒரு நிறைமாதக் குழந்தை பிறந்து சில கிழமை ஆன வளர்ச்சி. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நேரத்தில் நாளுக்கு இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இவருக்கு மடுவம் இருக்கிறது, ஆனால் கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து இறங்கி ஏறவே அரை மணித்தியாலம் போய்விடும். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மலையில் நடந்து பார்த்திருக்க வேண்டும். காலையில் ஐந்தரைக்கு ஒரு தடவை கறந்து மூடி வைத்துவிட்டுப் போவது, நாலு மணித்தியாலத்துக்குள் மாமியார் அதைக் கோப்பையில் கொடுப்பது, பகல் இடைவேளைக்கு மாமியாரே பிள்ளையை மலையடிக்குத் தூக்கி வருவது என்று தாங்களாகவே ஏற்பாடு செய்திருந்தார்கள். கோப்பையில் கொடுப்பதை மாமியார் எனக்குச் செய்து காட்டினார். நன்றாகவே செய்தார்.

எழுந்து போகுமுன், பழைய கடதாசியிலிருந்த அந்த முதல் கேள்வியை மட்டும் சும்மா கேட்டேன்: பாப்பா போதுமான அளவு குடித்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? மடியில் குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கொஞ்சம் இருங்க மிஸ்ஸி. இன்னும் குடிச்சிட்டு இருக்கா. முடிக்கட்டும், சொல்றேன்.”